மயில்கழுத்துச் சேலையும் பிஸ்கட் டின் நெகட்டிவ்களும்: ஒரு சென்னை ஸ்டுடியோவின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் ஸ்டுடியோவில் 2009 முதல் வேலை பார்க்கிறேன். சேர்ந்தது, எடுத்த படங்களைக் கணினியில் திருத்தும் ரீடச்சிங் ஆளாக. இப்போது கணக்கு, ஒப்பந்தம், பழைய படங்களின் சேமிப்பு மூன்றும் என் தலையில். 2024 ஜூன் முதல் 2025 தீபாவளி வரை நடந்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தைய கதையும் கொஞ்சம் தேவைப்படுகிறது. ஸ்டுடியோ, கடை, மாடல், கேலரி எதற்கும் பெயர் போடவில்லை. நான் இதில் ஒரு தரப்பு ஆள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பின்னணி

ஸ்டுடியோ ஜாபர்கான்பேட்டையில் இருக்கிறது. உரிமையாளரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். 1990களின் நடுவில் ஒரு விளம்பரப் புகைப்படக்காரரிடம் உதவியாளராக இருந்துவிட்டு, 2001இல் தனியாக வந்தார். முதல் பெரிய வாடிக்கையாளர் ஒரு பட்டுச் சேலைக் கடை. இந்தக் கதையில் வரும் கடை அதுதான்.

அப்போது வேலை நடந்த விதம் இப்போது சேரும் பையன்களுக்குப் புராணம் மாதிரி இருக்கும். கேமரா மாமியா ஆர்பி67. அதில் போடும் '120' என்ற அளவு ஃபிலிம் ரோல் ஒன்றில் 10 படம்தான். லைட் வைத்து, உடனே படமாகி வரும் போலராய்டு ஒன்று எடுத்து, கடை முதலாளியிடம் காட்டி, அவர் தலையாட்டினால்தான் டிரான்ஸ்பரன்சி என்கிற ஸ்லைடு ஃபிலிம் உள்ளே போகும். ஒரு நாளைக்கு 12 சேலை எடுத்தால் அது நல்ல நாள். ஃபிலிம் லேபுக்குப் போய், ஸ்கேன் ஆகி, சிவகாசியில் கேட்லாக்காகவும் காலண்டராகவும் அச்சாகி வர ஆறு வாரம் ஆகும்.

பட்டுச் சேலை எடுப்பதில் உள்ள கஷ்டம் ஜரிகை. அது கிட்டத்தட்ட ஒரு கண்ணாடி. நேராக ஃபிளாஷ் அடித்தால் வெள்ளையாகத் தெரியும், அடிக்காவிட்டால் பழுப்பாகிவிடும். அண்ணன் தெர்மாகோல் அட்டையில் மஞ்சள் சார்ட் பேப்பர் ஒட்டி, மாடலின் இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் நிறுத்துவார். ஜரிகை அந்த மஞ்சளைப் பார்த்துத் தங்கமாகும். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. அவருடைய குரு செய்ததைப் பார்த்துக் கற்றது. இன்றைக்கும் அதே சார்ட் பேப்பர்தான், மூலைக்கடையில் வாங்குவது.

மயில்கழுத்து அதைவிடக் கஷ்டம். பாவு என்ற நீள இழை ஒரு நிறம், ஊடை என்ற குறுக்கிழை இன்னொரு நிறம். மடிப்பின் ஒரு பக்கம் பச்சை, திரும்பினால் நீலம். ஒரே வெளிச்சத்தில் இரண்டும் தெரிகிற கோணத்தைத் தேடி மாடலைக் கால் அடி, அரை அடி என்று நகர்த்திக்கொண்டே இருப்பார். பின்னால் வரப்போகிற பிரச்சினைக்கு இது முக்கியம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இதற்கு நடுவே அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. 2002 முதல் 2009 வரை கடைக்காரர்கள் காஞ்சிபுரம் போகும்போதெல்லாம் இவரும் போவார். சேலைக் கரையையும் தறியையும் கேட்லாக்குக்காக எடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலை முடிந்ததும் தன் சொந்த 35 மி.மீ. கேமராவில், சொந்தக் காசில் வாங்கிய டிரை-எக்ஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிமில், பிள்ளையார்பாளையத் தெருக்களில் நெசவாளர்களை எடுப்பார். எதற்கு என்று கேட்டால், "சும்மாத்தான்டா" என்பார். ஆனால் இர்விங் பென் செய்த காரியம் அவருக்குத் தெரியும். வோக் இதழுக்கு ஃபேஷன் எடுத்துக்கொண்டிருந்தபோதே, 1950-51இல் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களின் கசாப்புக்காரர்களையும் துப்புரவாளர்களையும் அதே அக்கறையோடு நிற்கவைத்து எடுத்தவர் பென். நம் ஊரில் பிரபுத்த தாஸ்குப்தாவும் ஃபேஷனையும் சொந்தப் படைப்பையும் ஒரே கையால் செய்தவர். 'ஃபேஷன் ஒரு தொழில், கலை இன்னொரு தொழில்' என்ற பிரிவினை அண்ணன் தலைமுறைக்கு அவ்வளவு உறைக்கவில்லை. சோறு போட்டது ஒன்று, இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை.

அந்த நெகட்டிவ்கள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, பரணின் மேல்தட்டில் இருந்தன. கடைக்கு எடுத்த டிரான்ஸ்பரன்சிகள் ஒழுங்காக ஃபைல் போட்டு, லேபிள் ஒட்டி, கீழ் அலமாரியில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் ஸ்டுடியோவுக்குள் இடுப்பளவு வந்தது. ஒழுங்காக வைத்தவை அத்தனையும் போயின. டின் பிழைத்தது.

வேலை மாறிய விதம்

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. 2008இல் போலராய்டு கம்பெனி உடனடி ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே வருடம் நாங்கள் டிஜிட்டலுக்கு வந்தோம். ஃபிலிம் செலவு மிச்சம் என்று சந்தோஷம். ஆனால் ஃபிலிம் போனபோது போலராய்டைப் பார்த்துத் தலையாட்டும் அந்த நிமிடமும் போய்விட்டதை அப்போது கவனிக்கவில்லை. முதலாளி படப்பிடிப்புக்கு வருவதை நிறுத்தினார். "அனுப்பு தம்பி, போன்ல பாத்துக்கறேன்" என்றார்.

அப்புறம் இன்ஸ்டாகிராம் வந்தது. வருடத்துக்கு இரண்டு கேட்லாக் என்பது தினம் மூன்று போஸ்ட் என்றானது. 2019இல் நாங்கள் ஒரு நாளைக்கு 45 சேலை எடுத்துக்கொண்டிருந்தோம். கட்டிவிட இரண்டு பேர், பின் குத்த ஒருவர். மாடல் நின்ற இடத்திலேயே நிற்பார், சேலை மட்டும் மாறும். ஒரு சேலைக்கான ரேட், 2004இல் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டியைக் கடை தரும் என்று நாங்களும், ரேட்டுக்குள்ளேயே அடங்கும் என்று கடையும் நினைத்துக்கொண்டு இரண்டு வருடம் சண்டை போட்டது தனிக்கதை.

ரேட் குறைந்ததைவிட எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது காகிதம். சிவகாசிக் காலத்தில் எதற்குப் படம், எத்தனை பிரதி, எந்த வருடக் காலண்டர் என்று வேலையின் எல்லை தானாகவே தெரிந்தது. அச்சாகி முடிந்தால் முடிந்தது. டிஜிட்டலில் அந்த எல்லை அழிந்தது. நாங்களும் அதை எழுத்தில் போடவில்லை. 2022 தீபாவளி படப்பிடிப்புக்கு எங்களிடம் இருந்த மொத்த ஆவணம் ஒரு வாட்ஸ்அப் செய்தி: "3 நாள், 120 சேலை, போன தடவ ரேட், ஓகேவா?" அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல்.

என்ன கவனித்தோம்

2024 ஜூன் கடைசி வாரம். ஆடித் தள்ளுபடிக்கான போஸ்ட்கள் வர ஆரம்பித்திருந்தன. மேக்கப் அக்கா காலையில் எனக்கு ஒரு படத்தை அனுப்பினார். "டேய், இது எப்ப எடுத்தோம்?" என்று கேட்டிருந்தார்.

2022இல் எங்களிடம் வந்த கோவைப் பெண்தான் மாடல். முகம், சிரிப்பு, பின்னணி எல்லாம் நாங்கள் எடுத்தது. கட்டியிருந்த மயில்கழுத்துச் சேலை மட்டும் நாங்கள் எடுத்ததே இல்லை. அக்கா அதைக் கண்டுபிடித்தது சேலையை வைத்தல்ல. மாடலின் காதில் இருந்தது அக்காவின் சொந்த ஜிமிக்கி. அதன் வலதுபக்கக் குடையில் ஒரு முத்து விழுந்திருந்தது, 2022 படப்பிடிப்பின் இரண்டாம் நாள். அடுத்த வாரமே அக்கா அதைச் சரிசெய்துவிட்டார். முத்து இல்லாத ஜிமிக்கியோடு இருக்கும் படம் எதுவானாலும் அது அந்த இரண்டு நாளில் எடுத்ததாகத்தான் இருக்க முடியும்.

கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை முழுக்க இறக்கிப் பார்த்தேன். எங்கள் பழைய ஃபைல்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில் 38 படங்கள் சிக்கின. ஏஐ மென்பொருளில் எங்கள் படத்தைக் கொடுத்து, முகம், கை, நகை, பின்னணி எல்லாவற்றையும் அப்படியே வைத்துச் சேலையை மட்டும் மாற்றியிருந்தார்கள். முதலாளியின் மகன் ஒரு மாதச் சந்தா கட்டிச் செய்த வேலை. அவர் அதை ஒளித்து வைக்கவும் இல்லை. தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் என் கணிப்பு. படம் தன்னுடையது, காசு கொடுத்தாயிற்று என்று நினைத்திருக்கிறார்.

வெளியுலகில் இது புதிதல்ல. 2023 மார்ச்சில் லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனம் ஏஐ மாடல்களைச் சோதிக்கப்போவதாக அறிவித்து வாங்கிக் கட்டிக்கொண்டது. 2023 செப்டம்பரில் நடிகர் அனில் கபூரின் முகத்தையும் குரலையும் இப்படிப் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஆனால் கோவையிலிருந்து பஸ்ஸில் வரும் 23 வயது மாடலுக்காக யார் டெல்லி போவது?

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் கேள்வி யாரிடம் முதலில் சொல்வது. முதலாளியிடம் பேசிவிட்டு அப்புறம் மாடலிடம் சொல்லலாம் என்றார் அண்ணன். 23 வருடப் பழக்கம். மாடலிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன் நான். முகம் அவருடையது, நாம் கடையோடு சமாதானமாகிவிட்டு வந்து சொன்னால், அது நாம் விற்றுவிட்டு வந்த மாதிரி ஆகும். அரைநாள் வாக்குவாதத்துக்குப் பிறகு சாயங்காலம் மாடலுக்கு போன் போட்டோம்.

"அந்தச் சேலைய நான் கட்டவே இல்லியே சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மா அதை ஸ்டேட்டஸ்ல வேற வெச்சிருக்காங்க."

அவரிடம் ஒரு காகிதம் இருந்தது. மாடல் ஒருங்கிணைப்பாளர் தந்த ஒரு பக்க அனுமதிக் கடிதம்: இந்தக் கடையின் தீபாவளி விளம்பரத்துக்கு மட்டும், ஒரு வருடத்துக்கு. கெடு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இரண்டு வருட அனுபவமுள்ள பெண்ணிடம் இருந்த காகிதம், 23 வருடம் தொழில் செய்த எங்களிடம் இல்லை. இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அடுத்து ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் சொன்னது அண்ணனுக்கு அதிர்ச்சி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் காசு வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். ஒப்பந்தம் இருந்தால் கதை வேறு. எங்களிடம் இருந்ததோ கட்டைவிரல். படத்தைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் படைப்பாளி என்ற முறையில் 57ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம்; ஆனால் சேலையை மாற்றியது மானக்கேடா என்று வாதாடி ஜெயிக்க வருடக்கணக்கில் ஆகும் என்றார். எல்லாப் படமும் தன்னுடையது என்றே இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தார் அண்ணன். வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. டீ ஆறிப்போனது.

அப்போதுதான் இன்னொரு பிரச்சினையும் தெரிந்தது. அதே வருடம் ஒரு கேலரி அந்த நெசவாளர் படங்களைக் கேட்டிருந்தது. சென்னையில் 2016இல் பினாலே என்ற பெரிய புகைப்படக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து, சுவரில் மாட்டும் புகைப்படத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வாங்கவும் சிலர் இருக்கிறார்கள். கேலரி கேட்ட முதல் கேள்வியே உரிமை யாருடையது என்பதுதான். கடையின் காரில், கடையின் செலவில் போய் எடுத்த படங்கள். கடை எடுக்கச் சொன்னவையல்ல, ஃபிலிமும் அவருடையது என்பதால் அண்ணனுடையவைதான் என்றார் வழக்கறிஞர். ஆனால் கடை வந்து தகராறு செய்தால் கண்காட்சி நிற்கும். ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆக, ஆடிப் படங்களுக்காகக் கடையோடு முட்டினால் நெசவாளர் படங்களுக்கான கடிதம் கிடைக்காது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவது என்று முடிவு செய்தோம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை, நேரில் போனோம். மாடல் வரவில்லை. தன் சார்பில் பேச ஒருங்கிணைப்பாளரை அனுப்பினார். 38 படங்களின் பட்டியலும் கெடு முடிந்த கடிதத்தின் நகலும் கையில்.

கடை மாடியில் நடந்த பேச்சு

சட்டம் பேசினோம், முகம் பேசினோம். மகன் பணிவாகத்தான் பதில் சொன்னார். "அண்ணா, நீங்க எடுத்ததத்தானே யூஸ் பண்றோம். வேற ஆளுகிட்ட போகலையே" என்றார். முதலாளி எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்துபோய்க் கீழ்த்தளத்திலிருந்து அதே மயில்கழுத்துச் சேலையைக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னல் பக்கம் விரித்து, போனில் இருந்த ஏஐ படத்தை அதன் மேல் வைத்தார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். போனில் சேலை ஒரே நீலம். மடிப்பு திரும்பும் இடத்திலும் நீலம். அதைவிட அவர் விரல் போய் நின்றது கரையில்.

"இது கோர்வையே இல்லியே தம்பி. உடல் கலர் பார்டர்ல எறங்கியிருக்கு பாரு. பவர்லூம் சேலைன்னுல்ல நெனப்பான்."

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, சேரும் கோட்டில் மட்டும் பின்னிக்கொள்ளும். ஒன்றின் நிறம் மற்றதில் கலக்காது. அதை நெய்யத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். விலையே அதற்குத்தான். ஏஐ அந்தக் கோட்டை ஒரு பூச்சாக மாற்றிவிட்டிருந்தது. இணையத்தில் வாங்கியவர்கள் "படத்துல வேற கலர்" என்று திருப்பி அனுப்பிய சேலைகள் மூலையில் அடுக்கியிருந்ததை அப்போதுதான் மகன் சொன்னார். எத்தனை என்று சொல்லவில்லை.

ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். மென்பொருள் ஒரு வருடத்தில் இதைச் சரியாகச் செய்யப் பழகிவிடும். சிலது இப்போதே பரவாயில்லை. ஆகவே 'கலைஞனின் கண் ஜெயித்தது' என்று இதற்கு அர்த்தம் சொல்லிக்கொள்ள முடியாது. அன்றைக்கு அந்த மாடியில் சட்டத்தைவிடக் கரை பேசியது, அவ்வளவுதான்.

நான்கு விஷயங்கள் முடிவாயின. 38 படங்களையும் மறுநாளே பக்கத்திலிருந்து நீக்கிவிடுவது. மாடலுக்கு 2022இல் தந்த மூன்று நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை இழப்பீடாகத் தருவது. நெசவாளர் நெகட்டிவ்கள் அண்ணனுடையவை என்று கடை கையெழுத்திட்டுத் தருவது. இனி எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் படப்பிடிப்பு இல்லை. பதிலுக்கு அண்ணன் இந்தப் படங்களுக்காகத் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. 2009 முதலான டிஜிட்டல் ஃபைல்களை ஒழுங்குபடுத்திக் கடைக்கு ஒரு பிரதி தரவும் ஒப்புக்கொண்டார். அந்த ஒழுங்குபடுத்தலுக்குக் காசு கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அது எனக்கு இரண்டு மாத வேலை. "கடிதம் வேணும்ல, விடு" என்றார் அவர். இன்றைக்கும் இதில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை.

டின்னைத் திறந்தபோது

கேலரி அடுத்ததாகக் கேட்டது எண்ணிக்கை. ஒரு படம் எத்தனை பிரதி? டிஜிட்டல் காலத்தில் ஒரு புகைப்படத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம். கலைச் சந்தையில் அதற்கு விலை வருவதே, இத்தனைக்கு மேல் அடிக்க மாட்டேன் என்று புகைப்படக்காரர் கொடுக்கும் வாக்கினால்தான். விற்க 7 பிரதி, படைப்பாளிக்கு 2 என்று வைத்தோம். பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மை. ஒவ்வொன்றின் பின்னாலும் எண், கையெழுத்து, தனியாக ஒரு சான்றிதழ்.

அங்கே ஒரு இடி. டின்னிலேயே சிறந்த படம், ஒரு கிழவர் தறிக்குழியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்ப்பது. 2011இல் ஒரு ஹோட்டல் வராந்தாவுக்கு அண்ணன் அதைப் பெரிதாக அடித்து 20 பிரதி கொடுத்திருக்கிறார். எண் கிடையாது, ரசீது கிடையாது, அச்சுக்கூலி மட்டும் வாங்கியிருக்கிறார். யாருக்கும் தெரியாது, விட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். கேலரியிடம் உள்ளதைச் சொன்னோம். அந்தப் படம் கண்காட்சியில் மாட்டப்பட்டது, விற்பனைக்கு வைக்கவில்லை. திறப்பு நாளில் அதிகம் பேர் விலை கேட்டது அதைத்தான்.

மூன்றாவது கேள்வி படத்தில் இருப்பவர்கள். 2002இல் பிள்ளையார்பாளையத்தில் யாரிடமும் எழுதி வாங்கியதில்லை. சட்டப்படி கட்டாயமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்கவே இல்லை. ஆடிப் படங்கள் விஷயத்தில் கடையிடம் போய் முகம், அனுமதி என்று பேசிவிட்டு, இங்கே நாமே கேட்காமல் விற்பது எப்படி? 2024 செப்டம்பரில் நானும் அண்ணனும் சின்னப் பிரிண்ட்களை எடுத்துக்கொண்டு நான்கு தடவை காஞ்சிபுரம் போனோம்.

தறிச் சத்தம் குறைந்திருந்தது. பல வீடுகளில் தறியைப் பிரித்து மாடியில் ஏற்றியிருந்தார்கள். தறிக்குழியை மண் போட்டு மூடி, மேலே டைல்ஸ் ஒட்டி, அதன் மேல் வாஷிங் மெஷின். ஊசியில் நூல் கோர்த்தவர் காலமாகிவிட்டார். அவர் மகன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்களுக்கு ஒண்ணு பெருசாப் போட்டுக் குடுங்கண்ணே, அது போதும்" என்றார். கையெழுத்தும் போட்டார். இன்னொரு வீட்டில், ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணின் பேத்தி வேண்டாம் என்றுவிட்டார். பாட்டி அந்தப் படத்தில் கிழிந்த ரவிக்கையோடு இருக்கிறார். நாங்கள் அதை 'இயல்பு' என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் படத்தை விலக்கினோம். ஆளைக் கண்டுபிடிக்க முடியாத மூன்று படங்களையும் எடுத்துவிட்டோம். 18 படமாக இருந்தது 14 ஆனது.

இது எங்களுக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. மெட்ராஸ் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக லினேயஸ் டிரைப் தஞ்சாவூரையும் மதுரையையும் எடுத்தது 1858இல். அவர் எடுத்தது பெரும்பாலும் கோயிலும் கோட்டையும். கல் யாரையும் கேள்வி கேட்காது. ஆட்களை எடுக்க ஆரம்பித்த பிறகும் வெகுகாலம் யாரும் கேட்கவில்லை.

பின்விளைவுகள்

கண்காட்சி 2025 பிப்ரவரியில் நடந்தது. விற்பனைக்கு வைத்த 13 படங்களில் மொத்தம் 9 பிரதிகள், தலா 45,000 ரூபாய்க்குப் போயின. 4,05,000. அதில் பாதி கேலரிக்கு. மீதி 2,02,500இல் அச்சுக்கும் ஃபிரேமுக்கும் 1,12,000 போனது. கையில் நின்றது 90,500, வரிக்கு முன். ஸ்கேன் செய்த நாட்களையும் காஞ்சிபுரம் பயணங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 'இனி ஆர்ட்தான்' என்று யாராவது வேலையை விடுவதற்கு முன் இந்த நாலு வரியைப் பார்க்கட்டும். ஆனாலும் அந்தப் பிரதிகளுக்கு இனி ஒரு விலை இருக்கிறது. 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்தின் உரிமை எடுத்தவரின் ஆயுளோடு இன்னும் 60 வருடம் நிற்கிறது. முன்பு வெளியிட்டதிலிருந்து 60 வருடம் என்றிருந்தது. அண்ணன் தன் மகளுக்கு டின்னைப் பற்றி முதல்முறையாக விவரம் சொன்னார்.

கடை இப்போது வேலையைப் பிரித்துவிட்டது. காட்டன், ஃபேன்சி வகைகள் ஏஐயில், நிஜத்தில் இல்லாத ஒரு முகத்தோடு. பட்டு மட்டும் எங்களிடம். மூன்று நாள் படப்பிடிப்பு இரண்டு நாளானது. எங்கள் உதவியாளர்களில் ஒருவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆன்லைன் படப்பிரிவுக்குப் போய்விட்டார். வெள்ளைப் பின்னணியில் தினம் 200 துணி, மாதச் சம்பளம், வீட்டுக்கு நேரத்தோடு போகலாம் என்கிறார். மேக்கப் அக்காவுக்கு இப்போது கல்யாண வேலைதான் அதிகம். நானே பின்னணிகளை ஏஐயில் செய்கிறேன். அதையும் மறைக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறோம்.

அந்த ஒப்பந்தம் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. தமிழில் ஒரே பக்கம்தான்: எந்த ஊடகம், எவ்வளவு காலம், படத்தை மாற்றலாமா, ஏஐக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் மாடலுக்கு எவ்வளவு. இதைப் பார்த்ததும் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள். கோவைப் பெண் மட்டும் இப்போது எல்லா ஸ்டுடியோவிலும் அந்தப் பத்தியைக் கேட்கிறாராம். 2025 ஜூனில் நியூயார்க்கில் நடைமுறைக்கு வந்த ஃபேஷன் தொழிலாளர் சட்டம், மாடலின் டிஜிட்டல் நகலுக்குத் தனியாக எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியதே அவர்தான்.

2025 தீபாவளி ஒப்பந்தத்தில் முதலாளியின் மகன் ஏஐ பத்தியை இரண்டு தடவை படித்தார். 'எப்போதும்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'இரண்டு வருடம்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டார். நாங்களும் போட்டோம்.

மறுபடி செய்தால்

வாட்ஸ்அப்பில்கூட ஒப்பந்தம் செய்யலாம்; உரிமை யாருடையது என்று ஒரு வரி சேர்த்திருந்தாலே 17ஆம் பிரிவில் எங்கள் நிலை வேறு. 2008இல் டிஜிட்டலுக்கு வந்த அன்றே அதை எழுதியிருக்க வேண்டும். போலராய்டுக்குத் தலையாட்டிய இடத்தில் ஒரு கையெழுத்து வந்திருக்க வேண்டும்.

மாடலின் அனுமதிக் கடிதத்தை ஒருங்கிணைப்பாளரிடமே விட்டுவைத்தது எங்கள் தவறு. இப்போது ஒரு நகல் ஒவ்வொரு படப்பிடிப்பின் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது, கெடு தேதியை ஃபோல்டர் பெயரிலேயே சேர்த்திருக்கிறோம்.

கடைக்குப் போகும் முன் அந்தத் திருப்பி வந்த சேலைகளைப் பற்றி விசாரித்திருக்கலாம். அது எங்களுக்குத் தற்செயலாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் பேச்சு எப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

எந்தப் படத்தையும், நண்பருக்கானாலும், எண் போடாமல் அடித்துக் கொடுப்பதில்லை. ஹோட்டலுக்குப் போன 20இல் சிலவற்றையாவது திரும்ப வாங்க முடியுமா என்று விசாரித்தோம். ஹோட்டல் கைமாறிவிட்டது; வராந்தாவில் இப்போது வேறு படங்கள்.

டின்னில் இன்னும் 61 ரோல் ஸ்கேன் ஆகாமல் இருக்கிறது. உறைகளின் மேல் ஊர் பெயரும் வருடமும்தான் உண்டு, ஆட்களின் பெயர் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு ரோலின் படங்கள் எல்லாம் சின்னதாக ஒரே தாளில் வரும் கான்டாக்ட் ஷீட் அடித்து எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போகிறோம். யார் யாரென்று சொல்லத் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர்தான் மிச்சம், எல்லோருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது.